பதினெட்டே கார்கள், தீயணைப்பு வண்டியின் எஞ்சின்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த ரோல்ஸ் ராய்ஸ் பேன்டம் 4 கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் இரண்டு விஷயங்கள் உறுத்துகின்றன. ஒன்று, "நம் மகாராஜாக்களின் அரண்மனைகளை அலங்கரித்த கார்" என்ற வரி. இன்னொன்று, இவ்வளவு அபூர்வமான காரைக் கண்ணாடி அறையில் ஓட்டாமல் பூட்டி வைத்துக் காப்பதே சரி என்ற முடிவு. முதலாவது தகவல் பிழை. இரண்டாவதை நம்பி நடந்தால் கார் போய்விடும்.

முதலில் மகாராஜாக்கள். பேன்டம் 4 மொத்தம் செய்யப்பட்டதே 18. அது 1950 முதல் 1956 வரை. நம் சமஸ்தானங்கள் அதற்கு முன்பே இந்தியாவோடு இணைந்துவிட்டன. அந்தப் பதினெட்டில் ஒன்றுகூட இந்திய மன்னர் எவருக்கும் விற்கப்படவில்லை. பிரிட்டிஷ் அரச குடும்பம், ஈரான் ஷா, ஸ்பெயினின் ஜெனரல் ஃபிராங்கோ, குவைத் அமீர், ஈராக் மன்னர் இரண்டாம் ஃபைசலும் அவருக்காக ஆட்சி நடத்திய பிரதிநிதியும், சவூதி இளவரசர் தலால், மூன்றாம் ஆகா கான் என்று பட்டியல் அதோடு முடிகிறது. இந்தியாவோடு இதற்கு இருக்கும் தொடர்பு ஒரு வேடிக்கை. இளவரசி எலிசபெத்துக்காகச் செய்த முதல் காருக்குத் தொழிற்சாலையில் வைத்த ரகசியப் பெயர் "நாபா". பஞ்சாபில் இருந்த ஒரு சமஸ்தானத்தின் பெயர் அது.

நம் மன்னர்கள் வாங்கிக் குவித்தது போருக்கு முந்தைய பேன்டம்களை. முதல் பேன்டமும் இரண்டாவதும் ஆறு சிலிண்டர், இரண்டிலும் 7,668 சி.சி. மூன்றாவது பன்னிரண்டு சிலிண்டர் வி12, 7,338 சி.சி. அது 1939-இல் நின்றுபோனது. அதன்பிறகு பதினோரு ஆண்டுகள் பேன்டம் என்ற பெயரே சந்தையில் இல்லை. ஆகவே இங்கே ஏதாவது பழைய ஷெட்டில் நிற்கும் காரைக் காட்டி யாராவது "இது பேன்டம் 4" என்று சொன்னால், பேனட்டைத் திறக்கச் சொல்லுங்கள். ஒரே நேர்வரிசையில் எட்டு பிளக் இருக்க வேண்டும். ஆறுதான் இருக்கிறது என்றால் பெரும்பாலும் அது அதே காலத்து சில்வர் ரெய்த். வெளித்தோற்றத்தில் இரண்டுக்கும் அண்ணன் தம்பி சாயல் உண்டு; சில்வர் ரெய்த் ஆயிரத்துக்கும் மேல் செய்யப்பட்டது. டேப் கையில் இருந்தால் முன்சக்கரத்தின் மையத்திலிருந்து பின்சக்கரத்தின் மையம் வரை அளந்து பாருங்கள். பேன்டம் 4-க்கு 145 அங்குலம், அதாவது 3,683 மி.மீ. நீள சில்வர் ரெய்த்துக்கே 133 அங்குலம்தான். சந்தேகமே வேண்டாம் என்றால் சேஸிஸ் (காரின் அடிச்சட்டம்) எண்ணைப் பார்க்கலாம். 4ஏஎஃப்2 முதல் 4ஏஎஃப்22 வரை இரட்டைப்படை எண்கள் மட்டும், அது பதினொன்று. 4பிபி1 முதல் 4பிபி7 வரை ஒற்றைப்படை மட்டும், அது நான்கு. பிறகு 4சிஎஸ்2, 4, 6. இதற்கு வெளியே எந்த எண் இருந்தாலும் அது பேன்டம் 4 இல்லை. ரேடியேட்டர் மேல் மண்டியிட்ட பெண் உருவம் இருப்பதை ஆதாரமாகச் சொல்வார்கள். அந்தக் காலத்து மற்ற மாடல்களிலும் அது உண்டு. மறுபுறம், எலிசபெத்தின் காரில் அந்தப் பெண்ணே கிடையாது. குதிரை மேலிருந்து டிராகனைக் குத்தும் புனித ஜார்ஜின் வெள்ளி உருவத்தைத்தான் அதில் பொருத்தினார்கள்.

பதினெட்டில் இரண்டு இன்று இல்லை. ஒன்று, தொழிற்சாலை தன் சொந்த உபயோகத்துக்கு வைத்துக்கொண்ட 4ஏஎஃப்4. நம்பினால் நம்புங்கள், அது ஒரு பிக்கப். அரசர்களுக்கான சேஸிஸில் சாமான் ஏற்றும் தொட்டி! இன்னொன்று ஷாவின் முதல் கார். இரண்டையும் பின்னால் பிரித்துப் போட்டுவிட்டார்கள். மீதி பதினாறு.

இனி எஞ்சின். உங்கள் கட்டுரை இதை ஒரே வரியில் "கைவேலைப்பாடு மிக்க பிரத்தியேக எஞ்சின்" என்று தாண்டிப் போகிறது. பிரத்தியேகம் என்ற சொல்தான் இங்கே இடறுகிறது. போருக்குப் பின் ரோல்ஸ் ராய்ஸ் ஒரே அச்சில் மூன்று எஞ்சின்களைத் தயாரித்தது. பி40 நான்கு சிலிண்டர், பி60 ஆறு, பி80 எட்டு. மூன்றிலும் சிலிண்டரின் உள்விட்டம் 88.9 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஒருமுறை நகரும் தூரம்) 114.3 மி.மீ. எட்டைக் கணக்குப் போட்டால் 5,675 சி.சி. வரும், பேன்டம் 4-இன் எஞ்சின் அளவு அதுவேதான். அந்த நிறுவனத்தின் கார்களில் நேர்வரிசை எட்டு சிலிண்டர் வந்தது இந்த ஒரு மாடலில் மட்டும். ஆனால் காருக்கு வெளியே பி80 குடும்பம் பெரியது. பிரிட்டிஷ் ராணுவத்தின் ஆல்விஸ் சாரசன், சலாடின் கவச வண்டிகளில் அது ஓடியது. டென்னிஸ் தீயணைப்பு வண்டிகளிலும் ஓடியது. தம்பி பி40, ஆஸ்டின் சாம்ப் என்ற ராணுவ ஜீப்பில் இருந்தது.

இதைச் சொன்னால் சிலருக்கு முகம் சுருங்கும். என்னைக் கேட்டால் காருக்கு வாய்த்த பெரிய அதிர்ஷ்டமே அதுதான். பிஸ்டன், வால்வு, ஸ்பிரிங், கேஸ்கெட் போன்ற உள்பாகங்களில் பலவற்றுக்கு ராணுவ எஞ்சினின் உதிரிபாகங்களிலிருந்து வழி பிறக்கிறது. பதினெட்டு கார்களுக்காக மட்டும் ஒரு பிஸ்டனை வார்க்க வேண்டும் என்றால் நிலைமை என்ன ஆகும்? ஆனால் ஒரு எச்சரிக்கை. கவச வண்டி எஞ்சினை முழுசாகத் தூக்கி காரில் வைத்துவிட முடியாது. சம்ப் (அடியில் ஆயில் தங்கும் தொட்டி) வேறு, கார்புரேட்டரும் மேனிஃபோல்டும் (காற்றும் புகையும் போகும் குழாய்த்தொகுதி) வேறு, தண்ணீர் புகாதபடி மூடிய மின்சார இணைப்புகள் வேறு. பாகத்தின் எண்ணைப் பார்த்து, மைக்ரோமீட்டரால் அளந்து, ஒத்துவந்தால் மட்டுமே போட வேண்டும். அதோடு பி81 என்று ஒரு பெரிய அண்ணன் உண்டு, உள்விட்டம் 95.25 மி.மீ., 6,516 சி.சி. அதன் பிஸ்டனைத் தவறுதலாக வாங்கி ஏமாறுவது எளிது.

வால்வு அமைப்பும் நாம் வழக்கமாகப் பார்ப்பது அல்ல. பெட்ரோல் கலவையை உள்ளே விடும் வால்வு மேலே ஹெட்டில், அதாவது எஞ்சினின் மேல்மூடியில். புகை வெளியேறும் வால்வு பக்கவாட்டில் பிளாக்கில், அதாவது சிலிண்டர்கள் இருக்கும் உடலில். மேலே இருப்பதை அட்ஜஸ்ட் செய்வது கை எட்டும் வேலை. பக்கவாட்டு டாப்பெட்டுகளோ (வால்வைத் தள்ளித் திறக்கும் சிறு பாகங்கள்) மேனிஃபோல்டுக்குக் கீழே, ஒரு தகட்டு மூடிக்குள் இருக்கின்றன. சூடான குழாய்க்குக் கீழே கையை நுழைக்க வேண்டும் என்பதால் மேலே மட்டும் சரிபார்த்துவிட்டுக் கீழே விட்டுவிடும் மெக்கானிக்குகள் உண்டு. வால்வு தன் இருக்கையில் தேயத் தேய வால்வுக்கும் டாப்பெட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி குறைந்துகொண்டே போகும். ஒருநாள் வால்வு முழுதாக மூடாது. எரியும் சூடான வாயு அந்தச் சந்தில் சீறி வால்வின் விளிம்பைத் தின்றுவிடும். சத்தம் போடும் டாப்பெட்டைக் கண்டு பயப்பட வேண்டாம், திடீரென்று சத்தம் நின்றுபோன டாப்பெட்டைக் கண்டு பயப்படுங்கள் என்று பட்டறைகளில் சொல்வது இதனால்தான். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து, கையேட்டில் உள்ள அளவுக்கு மேலே எட்டையும் பக்கவாட்டில் எட்டையும் பார்க்க வேண்டும். மொத்தம் பதினாறு.

ஹெட் அலுமினியம், பிளாக் வார்ப்பிரும்பு. நடுவில் தண்ணீர். வேறு வேறு உலோகங்கள் தண்ணீரில் சேர்ந்திருந்தால் அலுமினியம்தான் அரிக்கப்படும். துரு தடுப்பு மருந்து இல்லாத வெறும் தண்ணீரை ஊற்றி வைத்த எஞ்சினில் ஹெட்டின் நீர்த்துளைகள் பொரிந்துபோய், ஹெட்டைப் பிடித்திருக்கும் ஸ்டட்களை (திருகுத்தண்டுகளை) சுற்றி வெள்ளைப் பொடி இறுகிப்போய் ஹெட் கழன்றே வராது. இடுக்கில் ஸ்குரூடிரைவரைச் செருகி நெம்பினால் அலுமினிய முகம் குழிந்துவிடும், பிறகு எந்த கேஸ்கெட்டும் நிற்காது. ஸ்டட் ஒவ்வொன்றின் அடியிலும் ஊடுருவும் எண்ணெயை ஒரு வாரம் தினமும் விட வேண்டும். பிறகு நட்டுகளைக் கழற்றாமல் இரண்டு சுற்று மட்டும் தளர்த்தி, பிளக்குகளைப் பொருத்திய நிலையில் ஸ்டார்ட்டரால் சுற்றினால் உள்ளே எழும் அழுத்தமே ஹெட்டைத் தளர்த்திக் கொடுக்கும். இக்னிஷன் இணைப்பைக் கழற்றிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஸ்பானர்கள் பிரிட்டிஷ் அளவில் இருக்கட்டும். மெட்ரிக் ஸ்பானர் "கிட்டத்தட்ட" பொருந்தும். அந்தக் கிட்டத்தட்டவில்தான் நட்டின் மூலைகள் உருண்டுபோகின்றன.

கண்ணாடி அறை யோசனைக்கு வருகிறேன். பூட்டி வைத்த காருக்கு நடப்பது இது. சிலிண்டர் சுவரில் இருந்த எண்ணெய்ப் படலம் சில மாதங்களில் வடிந்துவிடும். எட்டு சிலிண்டரில் எப்போதும் ஏதோ சிலவற்றில் வால்வு திறந்தபடிதான் நிற்கும். அதன் வழியே ஈரக்காற்று போய், பிஸ்டன் ரிங் நிற்கும் இடத்தில் துரு ஒரு வளையமாகப் பிடிக்கும். பெட்ரோல் பிசினாகி, எலெக்ட்ரிக் பெட்ரோல் பம்பின் பாயின்ட்டுகள் ஒட்டிக்கொள்ளும். எத்தனால் கலந்த பெட்ரோலாக இருந்தால் பழைய ரப்பர் ஹோஸும் கார்க் கேஸ்கெட்டும் இன்னும் சீக்கிரம் கெடும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி, பிரேக் சிலிண்டருக்குள் துருப்பிடித்து அங்குள்ள பிஸ்டன் இறுகிப்போகும். அருங்காட்சியகத்தில் பத்து வருடம் நின்ற காரைச் செலவில்லாத கார் என்று நினைப்பவர்கள் பதினோராவது வருடம் கணக்கைப் பார்க்கட்டும்.

அதைவிட மோசமான பழக்கம் ஒன்று உண்டு. "வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைக்கிறோம்" என்பார்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது. எஞ்சின் சூடேறும் முன் நிறுத்தினால் அந்த ஆவி புகைக்குழாயிலும் சம்பிலும் தண்ணீராகத் தங்கிவிடும். ஆயில் மூடியின் உட்புறத்தில் மோர் போல வெள்ளையாகப் படிந்திருப்பது அதுதான். ஓட்டுவதென்றால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, எஞ்சினும் கியர் பாக்ஸும் முழுதும் சூடேறும்படி இருபது முப்பது கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். முடியாதென்றால் ஸ்டார்ட்டே செய்யாமல், முறைப்படி எண்ணெய் விட்டு மூடி வைப்பது மேல்.

நீண்ட நாள் நின்ற காரை எழுப்புவதற்கும் ஒரு வரிசை இருக்கிறது. பேட்டரியை இணைத்து சாவியைத் திருப்பிப் பார்ப்பது அதில் கடைசியில் வர வேண்டியது. எட்டு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் பத்துப் பதினைந்து மில்லி மெல்லிய எண்ணெய் விட்டு, குறைந்தது இரண்டு நாள் அப்படியே விட வேண்டும். பிறகு கைப்பிடி போட்டு மெதுவாகச் சுற்ற வேண்டும். ஓரிடத்தில் இடித்தால் அழுத்தக் கூடாது. பின்னோக்கிக் கொஞ்சம், முன்னோக்கிக் கொஞ்சம் என்று ஆட்டி, இன்னும் எண்ணெய் விட்டுக் காத்திருக்க வேண்டும். முரட்டுத்தனமாகத் திருப்பினால் ஒட்டியிருக்கும் ரிங் உடையும், அல்லது சிக்கிய வால்வை இயக்கும் கம்பியான புஷ் ராட் வளையும். தாராளமாகச் சுற்றிய பிறகு சம்பைக் கழற்றிக் கழுவுங்கள். அடியில் கறுப்பு மெழுகு போலப் படிந்திருப்பதை வழித்தெடுக்காமல் புது ஆயில் ஊற்றினால், இன்றைய ஆயிலில் உள்ள சோப்புத் தன்மை அதைக் கரைத்துக் கட்டி கட்டியாகச் சல்லடைக்கு அனுப்பும். சல்லடை அடைத்தால் ஆயில் அழுத்தம் போச்சு. ஆயில் 20டபிள்யூ-50 கனிம வகை, துத்தநாகச் சேர்மானம் போதிய அளவு உள்ளதாக இருக்கட்டும். தட்டையான டாப்பெட் உள்ள எஞ்சினில் வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்டைக் காப்பாற்றுவது அந்தத் துத்தநாகம். புதிய கார்களுக்கான தண்ணீர் போன்ற மெல்லிய ஆயில் வேண்டாம். பேட்டரியை மாட்டும் முன் எந்த முனை எர்த் என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டரால் சுற்றி, ஆயில் மீட்டரில் முள் எழுந்த பிறகே பிளக்கைப் பொருத்த வேண்டும். முள் எழவில்லை என்றால் நிறுத்திவிட்டு ஆயில் பம்பைப் பாருங்கள்.

கூலன்ட் பக்கம் ஒரு விஷயம். நீண்ட பிளாக்கில் தண்ணீர் முன்னாலிருந்து பின்னால் போகிறது. வண்டலும் துருவும் பின்கோடியில் போய்த் தங்கும். ரேடியேட்டரைப் புதிதாகக் கட்டியும் சூடேறுகிறது என்றால் கடைசி இரண்டு சிலிண்டரைச் சுற்றி உள்ள சேற்றைத்தான் சந்தேகப்பட வேண்டும். பிளாக்கின் பக்கவாட்டுத் துளைகளை அடைத்திருக்கும் தகடுகளை எடுத்து, வளைந்த கம்பியால் கிளறி, தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசினால் பாதிப் பிரச்சினை தீரும்.

பெட்ரோலுக்கு ஆக்டேன் கூட்டும் மருந்துகள் வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் கலவை அழுத்தப்படும் விகிதம், 6.4:1தான். போருக்குப் பிந்தைய மட்டமான பெட்ரோலுக்கென்றே வைத்த அளவு அது. இன்றைய சாதாரண பெட்ரோலே அதற்கு விருந்து.

இந்தக் காரின் உண்மையான வேலை என்ன என்று பார்த்தால், அது வேகம் அல்ல, ஊர்வலம். குதிரைப்படையோடு சேர்ந்து ஆள் நடக்கும் வேகத்தில் மணிக்கணக்காகப் போக வேண்டும், ஒருமுறைகூடக் குலுங்கக் கூடாது, நிற்கக் கூடாது. எட்டு சிலிண்டரும் பெரிய எஞ்சினும் அதற்காகத்தான். ஆனால் இந்த வேலைதான் எந்த காரையும் அதிகம் வதைக்கும். காற்றோட்டம் இல்லாமல் சூடேறும், பெட்ரோல் குழாயிலேயே கொதித்து ஆவி அடைத்துக்கொள்ளும் (வேப்பர் லாக்), பிளக்கில் கரி படியும். ஓட்டுநர் கிளட்ச்சைப் பாதி மிதித்தபடி ஓட்டினால் அன்றே லைனிங் கருகும். முதல் கியரில் போட்டு, காலை கிளட்ச்சிலிருந்து முழுதாக எடுத்துவிட்டு, எஞ்சினின் மெல்லோட்டத்திலேயே விட வேண்டும். ஊர்வலம் முடிந்ததும் ஷெட்டுக்கு நேரே கொண்டுபோகாமல் திறந்த சாலையில் கால் மணி நேரமாவது ஓட்டிக் கரியை எரித்துவிட வேண்டும்.

ஊர்வல ஓட்டத்தில் மிகவும் ஏமாற்றுவது பிரேக். முன்சக்கரங்களுக்கு ஹைட்ராலிக், பின்சக்கரங்களுக்கு இரும்புக் கம்பி. இரண்டுக்கும் பலம் கொடுப்பது கியர் பாக்ஸின் பக்கத்தில் சுழலும் ஒரு சர்வோ. பெடலை மிதித்தால் அதன் தட்டுகள் ஒன்றோடொன்று அழுந்தி உராயும். அந்தச் சுழற்சியின் இழுப்பே பிரேக்கை இழுத்துக் கொடுக்கும். அழகான ஏற்பாடு. ஆனால் சக்கரம் சுழன்றால்தான் சர்வோ சுழலும். நடை வேகத்தில் அது நத்தை போலச் சுற்றுவதால், மிதித்ததற்கும் பிடிப்பதற்கும் நடுவே ஒரு கணம் எதுவும் நடக்காதது போல இருக்கும். பழக்கமில்லாதவர் பதறி இன்னும் அழுத்துவார். அடுத்த கணம் மொத்தமாகப் பிடித்து, பின்னால் நின்று கையசைக்கும் பெரியவர் முன்னால் சாய்வார். சீக்கிரமே, மெதுவாக மிதிக்கப் பழக வேண்டும். சர்வோவின் லைனிங்கில் கியர் பாக்ஸ் எண்ணெய் கசிந்து படிந்திருந்தால் அந்த ஒரு கணம் இரண்டு மூன்றாகும். பிரேக் டிரம்மையும் லைனிங்கையும் நான்கு முறை மாற்றியும் பிரேக் பிடிக்கவில்லை என்பவர்கள் முதலில் அந்த எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீலைப் பார்க்க வேண்டும்.

பாடியைப் பற்றிக் கொஞ்சம். ரோல்ஸ் ராய்ஸ் கொடுத்தது சேஸிஸ் வரை. மேலே பெரும்பாலும் கட்டியவர்கள் எச்.ஜே. முல்லினரும் ஹூப்பரும், சவூதி இளவரசரின் திறந்த காரை மட்டும் பாரிஸின் ஃபிரானே கட்டியது. அந்தக் காலத்துக் கைக்கட்டு பாடிகளில் ஆஷ் மரச்சட்டம் இருக்கும் இடங்களில், கதவுத் தூணின் அடிப்பகுதியை ஊசியால் குத்திப் பாருங்கள். ஊசி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கினால் மேலே எவ்வளவு பளபளப்பான பெயின்ட் இருந்தும் பயனில்லை. கதவின் அடியில் உள்ள நீர்வடி துளைகள் அடைபடுவதுதான் காரணம். ஒரு மெல்லிய கம்பியை நுழைத்து எடுத்தால் தீரும் வேலை அது. உள்ளே, ஓட்டுநர் இருக்கைக்குத் தோல், பின்னால் அமர்பவர்களுக்குக் கம்பளித் துணி என்பது அந்தக் கால மரபு. தோல்தான் உயர்ந்தது என்று எண்ணி பின்னிருக்கைத் துணியைக் கிழித்துத் தோல் போட்டவர்கள் காரின் பழமையைத் தாங்களே அழித்துக்கொண்டார்கள். துணிக்கு எதிரி அந்துப்பூச்சி. இருக்கையைத் தூக்கி அடியில் பார்ப்பதுதான் பரிசோதனை.

ஓட்டினால் தேயாதா என்று உங்கள் கட்டுரையாளர் கேட்கலாம். பதில் அந்தக் கார்களே. 1950 ஜூலையில் பச்சை நிறத்தில் எலிசபெத்திடம் வந்த முதல் கார், அவர் அரசியான பிறகு அரச நிறங்களான கறுப்புக்கும் மெரூனுக்கும் மாறி, 2018-இல் மேகன் மார்க்கலைத் திருமணத்துக்கு அழைத்துச் சென்றது. அப்போது அதற்கு வயது ஏறக்குறைய 68. ஃபிராங்கோவுக்காக 1952-இல் வந்த மூன்றும் கவசம் போட்டவை, அதனால் எடை அதிகம். இன்றும் ஸ்பெயின் அரச காவல்படையின் பொறுப்பில் ஓடும் நிலையில் உள்ளன. 2014 ஜூன் 19 அன்று ஆறாம் ஃபெலிப்பே பதவியேற்றபோது மாட்ரிட் தெருக்களில் போனது அவற்றுள் திறந்த கார்தான். உலகிலேயே நல்ல நிலையில் உள்ள பேன்டம் 4-கள் என்று இவற்றைத்தான் சொல்வேன். இரண்டு நாடுகளிலும் அவற்றை வேலைக்கு வைத்திருக்கிறார்கள்.

கட்டுரையோடு வந்த மூன்றாவது படத்தில், "பேன்டம் 4-இன் எஞ்சின்" என்ற குறிப்புக்கு மேல் இருப்பது இரண்டு பக்கமும் ஆறாறு சிலிண்டர் கொண்ட வி12. அது பேன்டம் 3. அடுத்த இதழில் அந்தக் குறிப்பையும் மகாராஜாக்கள் பற்றிய வரியையும் திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பழைய கார் பட்டறை வாசகர்